மண்ணுக்குள் ஒரு கூட்டாளி

"ஏம்மா, இது கிழங்கா, முருங்கைக் குச்சியா?"

என் மாமியார் இப்படிக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னே என்ன? பத்து மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரவள்ளி! பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அவித்துக் கொடுக்கலாம் என்று ஆசையாகப் பிடுங்கினால், விரல் தடிமனில் நாலு வேர்தான் வந்தது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கொல்லைப்புறம் கொஞ்சம் இருந்தால் போதும், நாலு குச்சி ஊன்றிவிடுவோம். நானும் அப்படித்தான் ஊன்றினேன். குழியில் போட்ட எருவில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் தெரிந்தது. பயந்துபோய், திராட்சைக்கு வாங்கி மிச்சமிருந்த பூசணக்கொல்லியைக் கரைத்து ஊற்றினேன். போதாக்குறைக்கு சூப்பர் பாஸ்பேட்டையும் கைநிறைய அள்ளிப் போட்டேன்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகள் லீவுக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ அத்தை, கிழங்குக்குச் சோறு போடுற ஆளையே விரட்டிட்டீங்களே!" என்றாள்.

அந்த ஆள் யார் தெரியுமா? அதுவும் ஒரு பூசணம்தான்! பெயர் வேர் உட்பூசணம். எருவில் நான் பார்த்தது வேறு. இது கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள் குடியேறி, வெளியே மண்ணுக்குள் தலைமுடியைவிட மெல்லிய இழைகளை நீட்டுகிறது. மணிச்சத்து மண்ணில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். வேர் எட்டாத இடத்திலிருந்து இந்த இழைகள் அதை எடுத்து வந்து கொடுக்கின்றன. கூலியாகச் செடி சர்க்கரைச் சத்தைத் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் 40 கோடி ஆண்டுகளாக நடக்கிறதாம்!

மரவள்ளிக்கு வேர்கள் தடிமன்; சல்லி வேரும் குறைவு. அதனால் இந்தக் கூட்டாளி இல்லாமல் அது திணறிப்போகும். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் 1980களில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பூசணம் நீக்கிய மண்ணில் மரவள்ளி குன்றிப் போயிற்று. பூசணத்தைச் சேர்த்ததும் தேறிவிட்டது. சர்க்கரைவள்ளி, சேனை, சேம்பு இவற்றுக்கும் இந்தப் பூசணம் உதவும். முள்ளங்கிக்கும் பீட்ரூட்டுக்கும் மட்டும் வேண்டாம். அவற்றின் வேரில் இது தங்காது.

அடுத்த முறை ஆறு குழி எடுத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே எரு, ஒரே தண்ணீர். மூன்றில் மட்டும் பூசண உரம். பிடுங்கிய அன்று மாமியாரையே தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அந்த மூன்று குழிக் கிழங்கும்தான் கனம்! என் பழைய தோல்விக்குப் பூசணக்கொல்லி ஒன்றே காரணம் என்று சாதிக்க மாட்டேன். ஆனாலும் அந்தத் தவறை இனிச் செய்ய மாட்டேன்.

நீங்களும் செய்து பார்க்க:

உரக்கடையில் 'வேம்' என்று கேளுங்கள். காலாவதி தேதி பார்த்து வாங்கி, வெயில் படாமல் நிழலில் வையுங்கள்.

குழிக்கு 20 கிராம் போதும். மேலே தூவினால் வீண். கரணை ஊன்றும் இடத்திலேயே, புது வேர் தொடும்படி அடியில் போட்டு, அதன்மேல் ஊன்றுங்கள்.

மக்கிய தொழு உரம் தாராளமாகப் போடலாம். சூப்பர் பாஸ்பேட் அதிகமானால் செடி இந்தக் கூட்டாளியைச் சேர்க்காது. பூசணக்கொல்லியை மண்ணில் ஊற்றவே வேண்டாம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மரவள்ளியில் இயற்கையாகவே நச்சுப் பொருள் உண்டு. குழந்தைகள் பச்சையாகக் கடிக்க விடாதீர்கள். தோலை முழுக்க உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசந்தால் யோசிக்காமல் தூர எறியுங்கள்.

போன வாரம் என் மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வீட்டுக் கிழங்கைப் பாக்கணுமே, தொடை தண்டி!"

அதுபோதும் எனக்கு!