பாதியில் நின்றுபோகும் வைத்தியம்

அரசு மருத்துவமனைகளின் பொது மருத்துவப் பிரிவில், ஓ.பி. சீட்டை நான்காக மடித்துக் கையில் இறுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் நடுவயதுப் பெண்களின் முறையீட்டைச் சற்றுச் செவிகொடுத்துக் கேட்டால், "மேலெல்லாம் வலி, தலை பாரமா இருக்கு, ராவெல்லாம் தூக்கமில்லே, சோறு இறங்கலே" என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருவதையும், மனத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அநேகமாக எவர் வாயிலிருந்தும் எழாததையும் அறியலாம். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. சத்து ஊசி போட்டுக்கொண்டோ, தனியார் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டோ வீடு திரும்பி, அடுத்த மாதம் அதே வலியோடு வந்து நிற்கிறார்கள். இவர்களில் பலருக்கு இருப்பது மனச்சோர்வு என்னும் வியாதி.

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டில் நடந்த தேசிய மனநல ஆய்வு, ஏறக்குறைய இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்த வியாதிக்கு ஆளாகிறார் என்றும், பெண்களிடமும் 40 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடமும் இது அதிகம் என்றும் கண்டது. அந்த வயதில்தான் ஒரு குடும்பத்தின் பாரமெல்லாம் ஒருவர் தோளில் இறங்குகிறது. அவர் பாயில் படுத்துவிட்டால் நாற்று நடவுக்குப் போகும் கூலி நிற்கிறது. சுய உதவிக் குழுவின் தவணை தவறுகிறது. பள்ளிக்கூடம் போகும் மூத்த பெண் அடுப்படிக்கு வந்துவிடுகிறாள். வியாதி ஒருவருக்கென்றாலும் நஷ்டம் வீடு முழுவதற்கும், வீடுகளால் ஆன ஊருக்கும்தான்.

இத்தகைய மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் வைத்தியமே பெறுவதில்லை என்றும் அதே ஆய்வு சொல்லிற்று. ஆனால் என் நெஞ்சை அதைவிட அதிகமாக வாட்டுவது, எத்தனையோ தடைகளைக் கடந்து மருத்துவரிடம் வந்து, மாத்திரை தொடங்கி, முகம் தெளிந்து, பிறகு பாதியிலே நிறுத்திவிடுகிறவர்களின் கதிதான்.

கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் அப்படி ஒரு பெண்மணியைப் பார்த்தேன். ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டதும், மாதக் கணக்கில் தொடாமல் கிடந்த கிரைண்டரைக் கழுவி மாவரைக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். அந்தச் சமயத்தில் மகளுக்கு வரன் வந்தது, பெண் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கணவர் மாத்திரை அட்டையை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார், "நல்லாத்தானே இருக்கே, இனிமே எதுக்கு இது?" என்று மாமியாரும் சொல்ல, அட்டை டிரம்மிலேயே தங்கிவிட்டது. சில நாளில் தலைச்சுற்றலும் குமட்டலும் வந்தபோது, மாத்திரைக்கு அடிமையாகிவிட்டதன் அடையாளம் இதுவென்று வீட்டார் முடிவுகட்டினார்கள். கார்த்திகை பிறப்பதற்குள் அவர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

மனச்சோர்வுக்கான முதல் மாத்திரைகள் 1950-களிலேயே வந்துவிட்டன. இத்தனை காலத்துக்குப் பிறகும் அவை வேலை செய்யும் விதம் நம் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை. தலைவலி மாத்திரையைப் போல உடனே அவை பலன் தருவதில்லை. குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமேனும் தொடர வேண்டும். முன்பே ஒன்றிரண்டு முறை வந்துபோன வியாதியானால் இன்னும் நெடுங்காலம் தேவைப்படும். திடீரென்று நிறுத்தினால் வரும் தலைச்சுற்றல், உடம்பு அந்த மருந்துக்குப் பழகியிருந்ததால் நேர்வது; அளவை மெல்ல மெல்லக் குறைத்துவந்தால் பெரும்பாலும் தொந்தரவின்றிக் கழியும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கிப் பழக்கமாக்கிக்கொள்ளும் தூக்க மாத்திரை முற்றிலும் வேறு ஜாதி. இரண்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கத்தால் கெட்ட குடும்பங்கள் அநேகம்.

பேச்சு வைத்தியமே போதுமென்பாரும், கடனும் வேலையின்மையும் தீர்ந்தால் சோர்வும் தீருமென்பாரும் உண்டு. இலேசான சோர்வுக்கு முதற்கூற்று பொருந்தவும் கூடும்.

ஆயினும் அரிசி டிரம்முக்குள் மாத்திரையைப் புதைக்க வைப்பது இந்த வாதங்கள் அல்ல, கல்யாணச் சந்தையின் பயமே. 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம் மனக்கோளாறை விவாகரத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருப்பது மெய். ஆனால் தீராத சித்தப்பிரமையையோ, கூடி வாழ்வது இயலாதென்னும் அளவுக்கு முற்றிய கோளாறையோதான் அது குறிக்கிறது. மாத்திரை சாப்பிட்டு மாவரைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் சோர்வு அதில் எங்கே வருகிறது? அவள் மகளின் கல்யாணத்துக்கு அது எப்படிக் குறுக்கே நிற்கும்? சட்டம் சொல்லாத தீர்ப்பைச் சம்பந்தி வீட்டார் சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கி, வைத்தியத்தையே நாம் பலியிடுகிறோம்.

மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் அரசு மருத்துவமனைகளிலே, அதை எழுதித் தரும் முதல் நாளன்றே, நோயாளியிடம் மட்டுமல்லாமல், உடன் வந்த கணவரிடமும், நோயாளி சம்மதித்தால் மாமியாரிடமும், இது எத்தனை மாத வைத்தியம் என்பதையும், எவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாதென்பதையும் சொல்லி, அதே ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் தமிழில் எழுதியும் கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஐந்து நிமிஷம்.