ஒரே கார்டு, இரண்டு பெயர்!

பள்ளிக்கூடத்தில் ராமச்சந்திரனாக இருக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்தால் 'அம்பி' ஆகிவிடுவதில்லையா? மேல்நாட்டு இசையிலும் இந்தக் கூத்து உண்டு!

சில ஸ்வரங்களை ஒரே சமயத்தில் சேர்த்து ஒலிப்பதற்குப் பெயர் 'கார்டு'. (தபால் கார்டு அல்ல!) ஸி, ஈ, ஜி, ஏ என்ற நான்கும் சேர்ந்தால் 'ஸி சிக்ஸ்த்'. அதே நான்குக்கு 'ஏ மைனர் செவன்த்' என்றும் பெயர். எந்த ஸ்வரத்தை ஆதாரமாகக் கொள்கிறோமோ, அதன் பெயரே கார்டுக்கும்.

இசைத் தாள்களை அழகாக அச்சுக் கோத்துத் தரக் கம்ப்யூட்டர் மென்பொருள்கள் இருக்கின்றன. ஹாலந்தில் 1996-ல் இருவர் தொடங்கிய 'லிலிபாண்ட்' அவற்றில் ஒன்று. ஸ்வரங்களை மட்டும் கொடுத்தால், அடியில் இருப்பதையே ஆதாரம் என்று எடுத்துக்கொண்டு அது பெயர் சூட்டிவிடும். இசையமைத்தவர் மனத்தில் வேறு ஆதாரம் இருந்தால்? அதை அவர்தான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஜோசியம் தெரியாது!

ஜெர்மனியில் இன்னொரு வேடிக்கை. மற்றவர்களின் 'பி' அங்கே 'ஹெச்'. அங்கே 'பி' என்றால் அரை ஸ்வரம் இறங்கிய 'பி ஃப்ளாட்'. இது தெரியாமல் ஜெர்மன் தாளை வைத்துக்கொண்டு பியானோ வாசித்தால், பாடகி ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம்! ஜெர்மன் முறைப்படி பெயர் அச்சிட லிலிபாண்டில் தனிக் கட்டளையே உண்டு. கட்டளையிடுபவர் மறந்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்!