பொய் சாட்சி சொன்ன தாழம்பூ! பட்டுப் புடவையில் ஜொலிக்கிறது: கல்யாண ஜவுளி எடுப்போர் உஷார்!

பாரிவாக்கம்,

பொய் சாட்சி சொன்னதற்காகச் சிவபெருமானே தண்டனை கொடுத்த பூ ஒன்று உண்டு. சிவ பூஜைக்கு ஆகாது என்று தள்ளி வைக்கப்பட்ட அந்தப் பூ, கல்யாணப் பெண்ணின் பட்டுப் புடவையில் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பூவின் பெயர் தாழம்பூ.

அதன் விவரம் வருமாறு:-

நெருப்புத் தூணாக நின்ற சிவனின் முடியைத் தேடி அன்னப் பறவையாகப் பறந்தார் பிரம்மா. முடி அகப்படவில்லை. வழியில் விழுந்து கொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, "நான் முடியைப் பார்த்தேன் என்று சொல்லு" என்றார். பூவும் அப்படியே சொன்னது. குட்டு வெளிப்பட்டது. சாட்சிக்குத் தண்டனை கிடைத்தது. இது புராணம்.

காஞ்சீபுரம் நெசவாளிகள் இந்தப் பூவைக் கைவிடவில்லை. கூர்கூரான அதன் விளிம்பை ஜரிகையில் பார்டராக இறக்கினார்கள். அதுதான் "தாழம்பூ ரேக்கு". புடவை உடம்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாக இருந்தால் "மல்லி மொக்கு". தாமரை, மாங்காய், மயில் கண், கோபுரம் என்று பட்டியல் நீளும். பாட்டி கட்டிய அதே டிசைனைத்தான் இப்போது பேத்தியும் கேட்கிறாள். பழசு மறுபடி பேஷன் ஆகிவிட்டது!

பூதான் யூனிபாரம்

நம் ஆட்களுக்கு உடையிலும் தலையிலும் பூ என்பது வெறும் அலங்காரம் அல்ல. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. பூவைப் பார்த்தே எந்தக் கட்சி ஆள் என்று சொல்லிவிடலாம். மாடு பிடிக்கப் போனால் வெட்சி, மாட்டை மீட்கப் போனால் கரந்தை, நேருக்கு நேர் போர் என்றால் தும்பை, ஜெயித்தால் வாகை. தேர்தலில் ஜெயித்தவரை "வாகை சூடினார்" என்று இன்றைக்கும் எழுதுகிறோமே, அது அங்கிருந்து வந்ததுதான்.

பாரிவாக்கம் என்றதும் முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரி வள்ளல் ஞாபகம் வரும். அவர் ஆண்டது பறம்பு மலை. நம்ம ஊர் அல்ல. ஆனால் பக்கத்திலேயே உள்ள பூந்தமல்லிக்கும் பூவுக்கும் பழைய உறவு உண்டு. அங்கே வரதராஜ பெருமாள் கோவில் தாயாரின் பெயரே புஷ்பவல்லி. ராமானுஜர் காலத்துத் திருக்கச்சி நம்பிகள், பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, காஞ்சி வரதருக்குப் பூ கொண்டு போனார் என்பது வரலாறு. அன்று இங்கிருந்து பூ காஞ்சிக்குப் போனது. இன்று அதே சாலை வழியாகப் பட்டில் நெய்த பூ இங்கே வருகிறது!

செத்த டிசைனும், பிழைத்த டிசைனும்

எல்லா டிசைனும் பிழைக்கவில்லை. கும்பகோணத்தை அடுத்த கொடாலி கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக மெழுகால் சித்திரம் எழுதி, சாயம் தோய்த்து, ஜரிகையும் சேர்த்துப் புடவை நெய்தார்கள். 1855-ல் அரசு வெள்ளைக்காரன் கைக்குப் போனது. வாங்க ஆள் இல்லை. தொழில் படுத்துவிட்டது. அந்தப் புடவைகளை இப்போது மியூசியத்தில்தான் பார்க்கலாம்.

காஞ்சி டிசைன்களுக்கு வேறு விதி. 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், அடுத்த ஆண்டே அங்கே தறியும் போட்டார். பழைய அகலக் கரைகளையும் பழைய நிறங்களையும் தேடி எடுத்து மறுபடி நெய்ய வைத்தார்.

இது நம்ம ஊர் வழக்கம் மட்டும் அல்ல. பாரீசில் 1947-ல் கிறிஸ்டியன் டியோர் என்ற தையல் மேதை, ஒடுங்கிய இடுப்பும் விரிந்த பாவாடையுமாகப் பழைய காலத்து மோஸ்தரைத் திருப்பிக் கொண்டு வந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் "கொரோல்". பூவின் இதழ் வட்டம் என்று பொருள்.

இப்போது பொய் சாட்சி யார்?

பழைய டிசைனுக்குக் கிராக்கி ஏறினால் போலியும் கூடவே வரும். விசைத்தறியில் பாலியஸ்டர் நூலில் அதே தாழம்பூ ரேக்கு, அதே மல்லி மொக்கு. தூரத்தில் பார்த்தால் அச்சு அசல்! "ஆர்ட் சில்க்" என்று சீட்டில் போட்டிருக்கும். கலைப்பட்டு என்று நினைத்து ஏமாறுகிறார்கள். செயற்கைப் பட்டு என்பதன் சுருக்கம்தான் அது. அதை அந்த விலைக்கு விற்றால் தப்பில்லை. காஞ்சிப் பட்டு என்று விற்றால் மோசடி.

அசல் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் மூன்று நாடா ஓட்டி, "கோர்வை" போட்டு இணைப்பார்கள். உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளுக்கு மேலும் ஆகும். போலி விற்றால் போவது உங்கள் பணம் மட்டும் அல்ல. அந்தக் குடும்பத்தின் பத்து நாள் சோறும்தான்.

கவனிக்க வேண்டியவை

ஜரிகை இழையை லேசாகச் சுரண்டினால், அசலாக இருந்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்தினால் முடி கருகிய வாசனை வரும், சாம்பல் பொடியும். உருகிக் கெட்டியாக உருண்டால் அது பட்டு அல்ல.

2004-ல் வந்த சில்க் மார்க் சீட்டு, சுத்தப் பட்டு என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. கையால் நெய்தது என்பதற்கு 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனி. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

முக்கியமாக, பில் வாங்குங்கள். பில்லில் "சேலை 1" என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள். "அசல் ஜரிகை, சுத்தப் பட்டு, கைத்தறி" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள்! ஏமாந்துவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பாரிவாக்கத்துக்காரர்களுக்குத் திருவள்ளூர். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

அங்கே தாழம்பூ வந்து சாட்சி சொல்லாது. பில்தான் சொல்லும்.