தட்டானின் கண் தெளிந்தால் இறக்கை ஏன் மங்குகிறது?

சங்கரன்கோவில் கரிசல் காட்டில் பருத்திச் செடி நுனியில் உட்கார்ந்திருக்கும் தட்டானை மேக்ரோ லென்ஸில் நெருங்கிப் பாருங்கள். கண்ணின் நுண்கட்டங்கள் பளிச்சென்று விழும், இறக்கை மங்கிவிடும். ஏன்?

நெருங்க நெருங்கப் படத்தில் கூர்மையாக விழும் ஆழம் சுருங்கும். பூச்சியின் அசல் அளவே சென்சாரிலும் விழும்படி ஃபுல் ஃபிரேம் கேமராவில் எடுத்தால், எஃப்/11 துளையில் கிடைக்கும் ஆழம் ஏறத்தாழ 1.3 மி.மீ.; எஃப்/2.8-ல் 0.3 மி.மீ.தான். எஃப்/11 துளையை மேலும் சுருக்கினால்? விளிம்பில் ஒளி வளைந்து பரவி, படம் முழுவதுமே மழுங்கும்.

எப்படிச் சமாளிப்பது? கேமராவை இறக்கைக்கு இணையாகப் பிடித்தால் இறக்கைப் பரப்பு முழுவதும் அந்தக் குறுகிய ஆழத்துக்குள் அடங்கும். இல்லையென்றால், ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்கலாம். அதற்குப் பூச்சி அசையக் கூடாது. விடியற்காலைதான் தோது: குளிரில் பறக்கும் தசைகள் சூடேறாததால் தட்டான் சட்டென்று கிளம்பாது.

ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று செடியை ஆட்டிவிடும். 1 மி.மீ. ஆடினாலே ஃபோகஸ் போச்சு; அசைவால் படமும் கலங்கும். அந்தக் கலங்கலுக்கு ஃபிளாஷ் கைகொடுக்கும். அதன் மின்னல்வேக வெளிச்சம் அசைவை உறைய வைக்கும். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்தால் கண்ணில் விழும் வெளிச்சத் திட்டு மென்மையாகும்.