தந்தையின் வாயில் வளரும் கெலிசா

பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவை நோக்கி ரயிலில் பயணம் செய்துள்ள தோட்ட அன்பர்கள், தைப்பிங் வருமுன் வண்டி அகன்றதோர் ஏரியைக் கடந்து செல்வதைக் கண்டிருப்பார்கள். அதுவே புக்கிட் மேரா ஏரி. கிரியான் வட்டாரத்து நெல் வயல்களுக்கு நீர் வழங்க 1906ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நீர்த்தேக்கம் அது. ஆனால், அதன் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்றது நெல் அன்று. கெலிசா என்னும் மீன்.

ஜார்ஜ் டவுன் கடைகளில் கண்ணாடித் தொட்டியில் தனித்து உலவும் இம்மீனை நம்மில் பலர் நின்று பார்த்திருப்போம். அரோவானா என்றும் இதனை அழைப்பர். நாணயம் போன்ற பெரிய செதில்களும் தாடையில் இரு மீசைகளும் உடையது. சீனர்கள் இதில் டிராகனின் சாயலைக் கண்டு, நற்பேறு தரும் மீன் எனப் போற்றுகின்றனர். புக்கிட் மேராவின் பொன்னிற வகைக்கு விலை மிக அதிகம். ஒரு காலத்தில் ஆற்றோர மக்களுக்கு இது முள் மிகுந்த சாதாரண உணவு மீன்தான் என்றால் இன்று யார் நம்புவர்?

கெலிசாவின் வாய் மேல்நோக்கி அமைந்தது. நீர்ப்பரப்பில் விழும் பூச்சி, சிறுமீன், தவளை ஆகியவற்றை அது இரையாக்கும். நீருக்கு வெளியே துள்ளியும் பிடிக்கும்.

இத்தகைய வேட்டை மீன் ஏன் அருகிப் போயிற்று? விடை அதன் குடும்ப வாழ்க்கையில் உள்ளது. கெண்டை மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடும். கெலிசாவோ கோலிக்குண்டு அளவிலான முட்டைகளை இடுகிறது. அவை பெரும்பாலும் நூற்றுக்கும் குறைவே. அவற்றை ஆண்மீன் தன் வாயில் ஏந்திக்கொள்கிறது. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மாதம் வரை, குஞ்சுகள் தாமே நீந்தும் வரை, அது இரை உண்பதில்லை. நம் வீடுகளில் பத்தியம் இருப்பவர் தாய், இங்கோ தந்தை! குஞ்சு வேண்டுவோர் அத்தந்தையைப் பிடித்தாலே போதும், ஒரு தலைமுறை முழுவதும் கைக்கு வந்துவிடும். பிறந்த மீன் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை அடைய மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே, பிடித்த வேகத்திற்கு ஆறுகள் ஈடுகொடுக்க இயலவில்லை.

1975ஆம் ஆண்டில் சைட்டிஸ் எனப்படும் அனைத்துலக ஒப்பந்தம் இம்மீனைத் தன் மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. அரிதானது என்ற பெயரே விலையை மேலும் உயர்த்தியது என்பாரும் உளர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இன்று விற்பனைக்கு வருபவை, பதிவு பெற்ற பண்ணைகளில் வளர்ந்து, உடலில் அடையாளச் சில்லு பொருத்தப்பட்டு, சான்றிதழுடன் வருபவையாக இருத்தல் வேண்டும். சான்றிதழின்றி மலிவாகக் கிடைக்கும் கெலிசாவை வாங்குவோர் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சிக்கிக்கொள்ளக்கூடும். சேர்த்த பணமும் போய், வழக்கும் வந்து சேரும்.

வளர்க்க விரும்புவோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விரல் நீளத்தில் வாங்கும் குஞ்சு மூன்றடி வரை வளரக்கூடியது. தொட்டிக்குக் கனமான மூடி இல்லையேல், காலையில் மீன் தரையில் கிடக்கும்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த அரபைமா இதற்குத் தூரத்து உறவு. இரண்டு மீட்டருக்கும் மேல் வளரும். தொட்டி போதவில்லை என்று இத்தகைய அயல்நாட்டு மீன்களைச் சிலர் ஆற்றிலும் ஈயம் எடுத்த குட்டைகளிலும் விட்டுவிடுகின்றனர். அவ்வாறு பரவிய பீகாக் பாஸ், நம் பிள்ளைகள் தூண்டிலிட்டுப் பிடிக்கும் சிறுமீன்களைத் தின்று வருகிறது. வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.