42 கிலோவில் ஐந்து குறைந்தால்

150 சென்ரிமீற்றர் உயரமும் 42 கிலோ எடையும் உள்ள 18 வயதுப் பெண்ணின் உடற்திணிவுச் சுட்டி 18.7. வளர்ந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த கீழெல்லை 18.5. அவளுடைய உயரத்துக்கு அது 41.6 கிலோ. எல்லைக்கு மேலே அவளிடம் மிஞ்சியிருப்பது 400 கிராமுக்கும் குறைவு. மாதத்தில் ஐந்து கிலோ குறைக்கலாம் என்று சொல்லும் காணொளியைப் பின்பற்றி அவள் 37 கிலோவுக்கு வந்தால் சுட்டி 16.4 ஆகும். அதே உயரத்தில் 60 கிலோ உள்ள இன்னொரு பெண் அதே ஐந்து கிலோவைக் குறைத்தால் சுட்டி 26.7இலிருந்து 24.4க்கு இறங்கும். முதலாமவள் இழப்பது உடல் எடையில் 11.9%, இரண்டாமவள் இழப்பது 8.3%. பார்த்த காணொளி இருவருக்கும் ஒன்றுதான்.

முதலாமவள் இலங்கையில், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டத்தில் பிறந்தவளாக இருக்கும் வாய்ப்பு நாட்டின் சராசரியைவிட அதிகம். 2006/07 குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில், தோட்டத் துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 40.2% பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டுக்கான வீதம் 17.3%. 2016இல் தோட்டத் துறையின் வீதம் 31.7%, நாட்டின் வீதம் மாறாமல் அதே 17.3%. பத்தாண்டில் தோட்டங்கள் 8.5 புள்ளிகள் இறங்கியிருப்பது முன்னேற்றம்தான். ஆயினும் வித்தியாசம் 2.3 மடங்கிலிருந்து 1.8 மடங்காகவே சுருங்கியது. நுவரெலியா மாவட்டத்தில் 2016இன் வீதம் 32.4%. அந்தக் கணக்கெடுப்பில் அளக்கப்பட்ட பிள்ளைகள் இன்று ஏறத்தாழ 10 முதல் 15 வயதினர்.

இன்ஸ்டகிராமும் டிக்டொக்கும் கணக்குத் திறக்க வைத்திருக்கும் குறைந்த வயது 13. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது, லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒன்றென இருந்த கைபேசி பிள்ளையின் கைக்குப் போனது. பாடம் வந்த அதே திரையில் மற்றவையும் வந்தன. தம் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த வளரிளம் பெண்களில் 32% பேர், இன்ஸ்டகிராம் அதை மேலும் மோசமாக்கியதாகச் சொன்னார்கள். இது பேஸ்புக் நிறுவனம் தனக்குள்ளே நடத்திய ஆய்வின் எண். 2021 செப்டெம்பரில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் அதை வெளியிட்டது. எல்லாப் பெண்களிலும் 32% என்று அதைப் படிப்பது பிழை. 2022 டிசெம்பரில் இன்னோர் ஆய்வு வெளியானது. இணைய வெறுப்பை எதிர்க்கும் ஓர் அமைப்பு 13 வயதினரின் பெயரில் டிக்டொக்கில் புதுக் கணக்குகள் திறந்தது. உடலழகு, மனநலம் பற்றிய காணொளிகள் சராசரியாக 39 விநாடிக்கு ஒன்று வந்தன. 30 நிமிடத்துக்கு அது 46 காணொளிகள். ஆய்வு முறை உண்மையான பாவனையைக் காட்டவில்லை என்று டிக்டொக் மறுத்தது.

மலையகத்துக்கு நெருக்கமான எண்கள் அமெரிக்காவில் இல்லை, பீஜியில் இருக்கின்றன. அங்கேயும் தோட்டக் கூலிகளாகத் தமிழர் கப்பலேறிப் போனார்கள். ஆனால் அந்த எண்களைத் தந்த ஆய்வு அத்தீவின் பூர்வகுடிப் பெண்களைப் பற்றியது. நண்ட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995இல். வந்த சில வாரங்களில் மருத்துவ மானுடவியலாளர் ஆன் பெக்கர் 63 மாணவிகளிடம் உண்ணும் பழக்கம் பற்றிய வினாக்கொத்தைக் கொடுத்தார். 1998இல் அதே வயதுடைய வேறு 65 மாணவிகளிடம் கொடுத்தார். கவலைக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் 12.7%இலிருந்து 29.2% ஆனார்கள். எடை குறைக்க வாந்தியெடுத்தவர்கள் 1995இல் ஒருவர்கூட இல்லை, 1998இல் 11.3%. தாம் பருமன் என்று சில வேளையாவது நினைத்தவர்கள் 74%. பருத்த உடலை மதித்த ஊர் அது. மாதிரி சிறியது, தொலைக்காட்சி மட்டுமே காரணம் என்று நிறுவவும் முடியாது. இருந்தாலும் இடைவெளி மூன்றே ஆண்டுகள், திரையோ வீட்டாருக்கெல்லாம் பொதுவானது, ஆளுக்கொன்றாகக் கையில் இருந்ததல்ல.

தோட்டத்தில் உண்ணுதல் கோளாறைக் கண்டுபிடிப்பதே கடினம். 2019இல் தோட்டத் துறையில் வறுமை வீதம் 33.8%, நாட்டில் 14.3%. 2022 செப்டெம்பரில் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டில் 85.8% ஏறியது. அந்த ஆண்டு ஒரு வேளை ரொட்டியும் சம்பலும் இல்லாமல் தேத்தண்ணியோடு பாடசாலைக்குப் போன பிள்ளையையும், வேண்டுமென்றே ரொட்டியைத் தம்பிக்குத் தள்ளிவிட்டுப் போன பிள்ளையையும் தராசு பிரித்துக் காட்டாது. இருவரும் "மெலிந்தவர்" என்ற ஒரே நிரலில் விழுவார்கள். நோயைத் தீர்மானிப்பது எடை மட்டும் அல்ல, பருத்துவிடுவோம் என்ற பயமும் உடலைப் பற்றிய பிறழ்ந்த எண்ணமும் சேர்ந்தே. அவற்றைக் கேட்டுத்தான் அறிய முடியும்.

கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளக்கிறது. 7ஆம் தரத்தில் பிள்ளைக்கு ஏறத்தாழ 12 வயது, 10ஆம் தரத்தில் 15. சமூக ஊடகக் கணக்குக்கான 13 வயது இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது. அதாவது ஆபத்து கூடும் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலான பிள்ளைகள் தராசில் ஏறுவதில்லை. 200 பேருக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லாத் தரங்களும் பரிசோதிக்கப்படுகின்றன. சிறு தோட்டப் பாடசாலைகளுக்கு இது ஓர் அனுகூலம்.

பிந்திக் கண்டுபிடித்தால் செலவு யாருக்கு? எடை குறைந்த நோயாளிக்கான உரையாடல் சிகிச்சை 40 வாரங்களில் 40 அமர்வுகள் வரை போகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. ஆனால் மகளைக் கூட்டிப்போகும் தாய்க்கு அன்று பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் இல்லை. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 40 நாள் என்பது 54,000 ரூபாயாக இருந்தது. அதே வீதத்தில் 25 நாள் வேலை கிடைத்த மாதத்தின் சம்பளம் 33,750 ரூபாய். பஸ் கட்டணம் சேராமலே இழப்பு 1.6 மாதச் சம்பளம்.

8ஆம், 9ஆம் தரங்களையும் தராசில் ஏற்றுங்கள். எடையைக் குறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சாப்பாட்டை வேண்டுமென்றே தவிர்க்கிறாயா, உடம்பைப் பார்த்துப் பயப்படுகிறாயா என்ற இரண்டு கேள்விகளைத் தமிழில் சேருங்கள். பதில் ஆம் என்றால் பெற்றோரோ ஆசிரியரோ அழைக்க வேண்டிய தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926.