மூட்டு வலியில் தொடங்கும் இதய நோய்



இதய நோய் என்றதும் மாரடைப்பே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நல்ல இதயத்தோடு பிறந்த பிள்ளைகளும் இதய நோயாளிகளாகிறார்கள். இதற்கு ஒரு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளுக்கே இது வருகிறது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப்புண் உண்டாகிறது. அது ஆறி இரண்டு மூன்று வாரங்களுக்குப்பின் சிலருக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றும். முழங்காலில் வலி குறைந்ததும் கணுக்காலில் தொடங்கும். கிருமியை எதிர்க்க உடலில் உண்டான சக்தி இதய வால்வுகளையும் தாக்குவதே இதிலுள்ள ஆபத்து. மூட்டுவலி அடையாளமின்றி மறைந்துவிடும். வால்வோ தழும்பேறிச் சுருங்கிவிடலாம். பல ஆண்டுகள் கழித்தே மூச்சுத் திணறல் ஏற்படும். சில பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில்தான் நோய் இருப்பதே தெரியவருகிறது.

சுருங்கிய வால்வைச் சிலருக்குத் தொடை இரத்தக்குழாய் வழியே பலூன் செலுத்தி விரிக்கலாம். பழுது அதிகமானால் அறுவைச் சிகிச்சை வேண்டும்.

இக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் வால்வு மேலும் கெடும். இதைத் தடுக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடவேண்டும். அதுவும் பல ஆண்டுகள், சிலருக்கு 40 வயது வரையும். பிள்ளை ஓடியாடி விளையாடுவதைக் கண்டு பெற்றோர் ஊசியை நிறுத்திவிடுவதுதான் வேதனை.

உங்கள் சபையிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த ஊசி எந்தத் தேதியில் என்று அன்புடன் விசாரியுங்கள். பேருந்துச் செலவுக்கு வழியில்லாவிட்டால் உதவுங்கள். அந்தச் சிறு உதவி ஓர் இதயத்தையே காக்கலாம்.